சென்ட்ரலில் வழி கேட்ட அக்கா

அந்த அக்கா முதல் நாள் என்னிடம் வழி கேட்டார். இரண்டாம் நாள் அதே இடத்தில் நின்று அதே வழியைக் கேட்டார். மூன்றாம் நாள் எதுவும் கேட்கவில்லை. என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டுக் கூடவே நடக்க ஆரம்பித்தார்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. வேப்பம்பட்டில் அப்பா அம்மாவோடு இருந்தேன், இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். காலை எட்டு மணி வாக்கில் வரும் திருவள்ளூர் வண்டியில் பெண்கள் பெட்டியில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோ பிடித்து ஆயிரம் விளக்கு போவேன். ஆபீஸ் அங்கே. வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனிகளுக்காக, விண்ணப்பித்தவர்கள் எழுதிக் கொடுத்ததெல்லாம் உண்மையா என்று விசாரித்துச் சொல்லும் ஆபீஸ் அது. பழைய கம்பெனிக்குப் போன் செய்து, "இவர் உங்களிடம் இரண்டு வருடம் வேலை பார்த்தாரா?" என்று கேட்பேன். கொடுத்த முகவரியில் ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவர ஒருவரை அனுப்புவேன். சரியாக இருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. நாலு வருடம் இதையே செய்ததில், யார் எதைச் சொன்னாலும் மனசுக்குள் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

சென்ட்ரலில் புறநகர் வண்டி நிற்கும் இடத்துக்கும் மெட்ரோவுக்கும் நடுவே கொஞ்சம் நடக்க வேண்டும். திருவள்ளூர் வண்டியும் கும்மிடிப்பூண்டி வண்டியும் அடுத்தடுத்து வந்து நின்றுவிட்டால் நடக்கக்கூட வேண்டாம், கூட்டமே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். தரைக்குக் கீழே இறங்கியதும் குளிர்காற்று முகத்தில் அடிக்கும். பையை ஸ்கேனரில் போட்டு எடுத்து, கார்டைத் தட்டி உள்ளே போனால் நீலத் தடத்துக்கு ஒரு பக்கம், பச்சைத் தடத்துக்கு ஒரு பக்கம் என்று பிரிந்து போகவேண்டும். புதிதாக வருகிறவர்கள் அங்கே நின்று பலகைகளை அண்ணாந்து பார்ப்பார்கள். அப்படி நின்றவர்களில் ஒருவராகத்தான் அந்த அக்காவை முதலில் பார்த்தேன்.

நாற்பது வயதிருக்கும். எண்ணெய் வைத்துப் படிய வாரிய கொண்டை, மடிப்புக் கலையாத பாலியஸ்டர் புடவை, தோளில் கறுப்புப் பை.

"ஏர்போர்ட் போற வண்டி எந்தப் பக்கம் கண்ணு?" என்றார்.

"எங்கூட வாங்கக்கா, நானும் அந்தப் பக்கம்தான்" என்று கூட்டிப்போனேன். கையில் பெட்டி இல்லை, வழியனுப்ப வந்தவர் மாதிரியும் இல்லை. ஆனால் அங்கே வேலை செய்கிறவர்களும் இருப்பார்களே என்று விட்டுவிட்டேன்.

மறுநாளும் அங்கேயே நின்றார். "நேத்து சொன்னியே, மறந்துட்டேன் பாரு" என்றார். கூட்டிப்போனேன். வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஆயிரம் விளக்கில் நான் இறங்கி, படிக்கட்டுப் பக்கம் போய், ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தேன். அந்த அக்காவும் இறங்கியிருந்தார். எதிர்ப்பக்கம் வந்து நின்ற வண்டியில், திரும்பி சென்ட்ரலுக்கே போகிற வண்டியில், ஏறிக்கொண்டிருந்தார்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மறுநாள் காலை பெண்கள் பெட்டியில் இதைச் சொன்னேன். திருவள்ளூரிலிருந்து வரும் ஒரு தோழி, தி.நகரில் துணிக்கடையில் வேலை, எப்போதும் எனக்கு இடம் போட்டு வைப்பாள். அவள் கண்ணை அகல விரித்தாள்.

"அய்ய, பேஜாரு புடிச்ச கேஸுடி அது. உன் பையில ஏதாச்சும் போட்டுட்டு, அந்தாண்ட வேற ஒருத்தி எடுத்துக்குவா. ஸ்கேனர் தாண்டுனதும் பையைத் தொறந்து பாரு."

அன்றிலிருந்து ஸ்கேனர் தாண்டியதும் சுவர் ஓரமாக நின்று பையைத் துழாவிப் பார்ப்பேன். சாப்பாட்டு டப்பா, குடை, சீப்பு, தண்ணீர் பாட்டில். வேறு எதுவும் இருந்ததில்லை. நான் துழாவுவதை அந்த அக்கா கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

மூன்றாம் நாளிலிருந்து பேச்சு நீண்டது. எல்லாம் சாதாரணக் கேள்விகள். காலையில் நாஷ்டா துன்னியா, யார் செய்தது, நீயே சமைப்பியா, சின்ன வயசிலிருந்தே கண்ணாடியா, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நின்றுகொண்டே வருகிறாய், கால் வலிக்காதா? ஒவ்வொன்றும் கரிசனம் மாதிரிதான் இருந்தது. ஆனால் நான் ஏதாவது கேட்டால் பதில் வராது. "நீங்க எங்கக்கா போறீங்க?" என்றால், "ஒரு வேலையா வந்துகினு கீறேன் கண்ணு" என்பார். "எந்த ஊர்க்கா?" என்றால், "வடக்கால" என்று கையைக் காட்டுவார். தரைக்கு அடியில் நின்றுகொண்டு அவர் காட்டியது வடக்கா தெற்கா என்று யாருக்குத் தெரியும்?

ஒருநாள் என் ஆபீஸ் நண்பர் ஒருவர் மேடையில் என்னைப் பார்த்துக் கையாட்டினார். பெரம்பூரிலிருந்து வருபவர், இரண்டு குழந்தைகளுக்கு அப்பா. அந்த அக்கா அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார்.

"யாரு அது?"

"ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவரு."

"தெனம் உன்கூட வருவாரா?"

"எப்பவாச்சும்."

"ம்ம்" என்றார். அந்த 'ம்ம்' எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை என்று நினைக்கிறேன். நகரும் படிக்கட்டில் எனக்குக் கீழ்ப்படியில் நின்றுகொண்டு, "இந்த வருசம் மழையில உங்க வேப்பம்பட்டுல தண்ணி உள்ள வந்துச்சா?" என்று கேட்டார்.

நான் எந்த ஊர் என்று அவரிடம் சொன்னதே இல்லை. திருவள்ளூர்ப் பக்கம் என்றுகூடச் சொன்னதில்லை. அவர் கேட்கவும் இல்லை. அத்தனை கேள்வி கேட்டவர் ஊரை மட்டும் ஏன் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"எங்களுக்கு வரலக்கா" என்று சொல்லிவிட்டு வண்டியில் கூட்டத்துக்குள் புகுந்து தள்ளிப்போய் நின்றுகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால், அவர் போனைக் காதில் வைக்காமல் மார்புக்கு நேராகப் பிடித்திருந்தார். பின்பக்கத்து லென்ஸ் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பார்த்ததும் சட்டென்று காதுக்குக் கொண்டுபோய் "ஹலோ" என்றார்.

மறுநாள் சீக்கிரமே போய் ஸ்கேனர் பக்கத்தில் இருந்த பெண் காவலாளியிடம் அந்த அக்காவை விவரித்துக் கேட்டேன்.

"அந்தம்மாவா?" என்றார் அவர், பைகளிலிருந்து கண்ணை எடுக்காமல். "தெனமும் வந்து நிக்குது. யாருக்கோ வெயிட் பண்ணுதுன்னு நெனச்சேன். நீ வந்ததும் உன் பின்னாலயே போயிடும். உங்க சொந்தம் இல்லையா?"

"இல்லைங்க."

"அப்ப ஜாக்கிரதையா இரு. எழுதிக் குடுத்தின்னா மேல சொல்றேன்."

எழுதிக் கொடுக்கப் பயமாக இருந்தது. என்னவென்று எழுதுவது? ஒரு பெண் என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிறாள் என்றா? அதனால் என் மட்டில் ஒரு வழி யோசித்தேன். தனியாக வரும் பெண் என்பதால்தானே இந்தத் தொல்லை? கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் ஓடிவிடுவாள்.

அந்த அக்கா வந்தார். மேடையில் நின்றபோது வழக்கம்போல என் காலைப் பார்த்தார். அவர் அடிக்கடி என் காலைப் பார்ப்பதை முன்பே கவனித்திருந்தேன்.

"செருப்பு புதுசா?" என்றார்.

"ஆமாக்கா. என் வீட்டுக்காரர் வாங்கிக் குடுத்தாரு."

அவர் முகம் அப்படியே நின்றது. "யாரு?"

"என் ஹஸ்பெண்டு. போலீஸ்ல இருக்காரு. இங்கதான், பக்கத்துல."

"கல்யாணம் ஆயிடுச்சா உனுக்கு?"

"ரெண்டு வருசம் ஆச்சு."

"தாலியக் காணோம்?"

"வண்டியில சங்கிலி அறுக்கறாங்களேன்னு உள்ள போட்டிருக்கேன்."

"மெட்டி?"

இதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. ஆனால் வாய் நிற்கவில்லை. "ரெஜிஸ்டர் மேரேஜ்க்கா. மெட்டியெல்லாம் போட்டுக்கல" என்றேன்.

வண்டி வந்து நின்றது. கதவு திறந்தது. அவர் ஏறவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஊட்டுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

ஒரு திருடி கேட்கிற கேள்வியாக அது இல்லை. அந்த நொடியில் எனக்கே ஒருமாதிரி இருந்தது. ஆனால் கதவு மூடப்போகிற சத்தம் கேட்டதும் கையை உதறிக்கொண்டு உள்ளே ஏறிவிட்டேன். கண்ணாடிக்கு வெளியே அவர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. தோழியிடம் பெருமையாகச் சொன்னேன். "போலீஸ்னதும் ஓடிட்டா பாத்தியா" என்று அவளும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் ஏதோ மாறியது. முதலில் எனக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது அம்மா போனில் யாருடனோ பேசினார். பேசிவிட்டு வந்து என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இன்னாம்மா?" என்றேன். "ஒண்ணுல்ல" என்றார். அன்றிலிருந்து நான் குளிக்கப்போனால் என் பை இடம் மாறியிருக்கும். நான் போனில் பேசினால் அம்மாவுக்குப் பக்கத்து அறையில் ஏதாவது வேலை வந்துவிடும். ஒருநாள் தோசை ஊற்றிக்கொண்டே, திரும்பாமல், "உனக்கு போலீஸ்ல யாராச்சும் தெரியுமாடி?" என்று கேட்டார். ஆபீஸ் வேலையாக எப்போதாவது காவல் நிலையங்களுக்குப் போன் செய்வதுண்டு. அதைச் சொன்னேன். தோசை கருகியது.

அப்பா திருவள்ளூர் கோர்ட்டில் அலுவலக உதவியாளர். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. பேசுகிற மனிதர்தான், ஆனால் அந்த நாட்களில் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பிட்டதும் எழுந்துபோய் வாசலில் நின்றுகொள்வார். எனக்கு வேறு விதமாகச் சந்தேகம் வந்தது. அப்பாவுக்கு உடம்புக்கு ஏதோ வந்திருக்கிறது, என்னிடம் மறைக்கிறார்கள் என்று நினைத்தேன். அம்மா இல்லாத நேரம் அலமாரியில் மருந்துச் சீட்டு இருக்கிறதா என்று நானும் தேடினேன். ஒரே வீட்டில் மூன்று பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் தேடிக்கொண்டிருந்தோம்.

இப்படி இரண்டு வாரம் போயிருக்கும். ஒருநாள் காலை மெட்ரோவுக்குள் இறங்கும்போது, காபிக் கடைக் கண்ணாடியில் எனக்குப் பின்னால் வரும் கூட்டம் தெரிந்தது. அதில் ஒரு காக்கிச் சட்டை. எங்கேயோ பார்த்த நடை. நான் நின்றேன். காக்கிச் சட்டையும் நின்று, தூண் பக்கம் ஒதுங்கியது. திரும்பி நடந்து தூணுக்கு அந்தப் பக்கம் போனேன். அப்பா.

கோர்ட்டுக்குப் போகிற உடுப்பில், கையில் சாப்பாட்டுப் பையோடு நின்றுகொண்டிருந்தார். மேற்கே திருவள்ளூருக்குப் போக வேண்டியவர் எனக்கு அடுத்த பெட்டியில் ஏறிக் கிழக்கே வந்திருக்கிறார்.

"அப்பா? இங்க இன்னா பண்றீங்க?"

"சும்மா... ஒரு வேலையா."

அதற்குள் காவலாளி ஒருவர் வந்துவிட்டார். "சார், நேத்தும் இங்கயே நின்னுகினு இருந்தீங்க. யாரு வேணும் உங்களுக்கு? மேடம், இவரு உங்களைத் தொந்தரவு பண்றாரா?"

"எங்க அப்பாங்க" என்றேன். காவலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நகர்ந்தார். அப்பாவின் கழுத்தில் வியர்வை. அவ்வளவு குளிர்ந்த இடத்தில் வியர்த்திருந்தது.

"உடம்புக்கு இன்னாப்பா? சொல்லுங்க."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "அந்தப் போலீஸ்காரன் எந்த ஸ்டேஷன்மா?"

போலீஸ்காரன். அந்தப் பொய்யை நான் சொன்னது உலகத்தில் ஒரே ஒருவரிடம். தோழிக்கு அது பொய்யென்று தெரியும்.

"உங்களுக்கு யாருப்பா சொன்னாங்க?"

"தரகர்."

அங்கேயே சுவரோரம் நின்று அப்பா எல்லாவற்றையும் சொன்னார். கும்மிடிப்பூண்டியில் ஒரு வரன். பையன் சிப்காட்டில் இரும்புத் தொழிற்சாலையில் வேலை, நிரந்தர வேலை. நான் இதற்கு முன் இரண்டு வரன்களைப் போட்டோவைப் பார்த்ததுமே வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், இந்த முறை ஜாதகம் எல்லாம் ஒத்துவந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார்கள். என் போட்டோ போயிருக்கிறது. எத்தனை மணி வண்டி, எங்கே மாறுகிறேன் என்பதுவரை அம்மா தரகரிடம் சொல்லியிருக்கிறார். ஒத்துவந்தது. எல்லாம் கூடிவந்த நேரத்தில், பெண்ணுக்கு ஏற்கெனவே ரெஜிஸ்டர் கல்யாணம் ஆகிவிட்டது, புருஷன் போலீஸ், பெண்ணே தன் வாயால் சொன்னாள் என்று பையனின் அக்கா சொல்லிவிட்டாராம்.

நான் நடந்ததைச் சொன்னேன். வழி கேட்டது, போட்டோ எடுத்தது, பயந்துபோய்ப் பொய் சொன்னது. அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"சரிம்மா. நம்பறேன்" என்றார். பிறகு சாப்பாட்டுப் பையைக் கைமாற்றிக்கொண்டு, "ஆனா ஒரு பொம்பள வழி கேட்டதுக்கு, எனக்குப் புருஷன் இருக்கான்னு சொல்லுவாங்களா யாராச்சும்?" என்றார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை. என் மேஜைக்கு இப்படி ஒரு விளக்கம் வந்திருந்தால் யோசிக்காமல் சிவப்புப் போட்டிருப்பேன்.

வீட்டில் அம்மா அழுதார். நம்பிய அழுகையா நம்பாத அழுகையா என்று தெரியவில்லை. "அந்தப் பொம்பளையையே கேட்டுடலாம் வாங்க" என்று நான்தான் சொன்னேன். முகவரி தரகரிடம் கிடைத்தது. அப்பா வர மறுத்துவிட்டார். சனிக்கிழமை காலை அம்மாவும் நானும் கிளம்பினோம். போன் செய்து சொல்லிவிட்டுப் போகலாம் என்றேன். அம்மா கூடாது என்றார். நான் முன்கூட்டியே பேசி அந்த அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவேன் என்று பயந்திருக்கிறார். வழி முழுக்க என் போன் அம்மாவின் பையில்தான் இருந்தது.

கும்மிடிப்பூண்டி நிலையத்தில் எங்களோடு இறங்கியவர்களில் பாதிப்பேர் முதுகில் பெரிய பைகளோடு இந்தி பேசிக்கொண்டு போனார்கள். ஷேர் ஆட்டோவில் ஏறினோம். தொழிற்பேட்டைப் பக்கம் போகப் போக, சாலையோரத்து இலைகள் எல்லாம் பச்சை தெரியாமல் தூசி மூடியிருந்தன. ஆட்டோக்காரர் காட்டிய தெருவில் மூன்றாவது வீடு. கதவு திறந்தே இருந்தது.

அந்த அக்கா செகண்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். புடவைக்கு மேல் கம்பெனிச் சட்டையைப் போட்டுப் பட்டன் மாட்டிக்கொண்டிருந்தவரின் கை, என்னைப் பார்த்ததும் நின்றது.

"நீயா?"

"நான்தான். எனக்குக் கல்யாணம் ஆகல. போலீஸ்காரனும் கிடையாது. நீங்க திருடின்னு நெனச்சுப் பொய் சொன்னேன். இதை எங்க அம்மாகிட்ட நீங்களே கேட்டுக்குங்க."

"திருடியா?" என்றார் அவர். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "நானா?"

"பின்ன? ஊரு பேரு சொல்லாம தெனம் பின்னாடியே வந்தா? கேக்காம போட்டோ எடுத்தா?"

அவர் என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் பேசினார்.

"எனுக்கு ஒரே தம்பிம்மா. எங்கம்மா போனதுலேர்ந்து நான்தான் வளத்தேன். போன வருசம் ஒரு பொண்ணு பாத்து, பத்திரிகை அடிச்சு, ஊருக்கெல்லாம் வெச்சாச்சு. நாலு நாள் இருக்கும்போது அந்தப் பொண்ணு கெளம்பிப் போயிடுச்சு. அதுக்கு வேற ஒருத்தன இஷ்டம். அந்த ஊட்ல எல்லாருக்கும் தெரியும், எங்களுக்கு மட்டும் சொல்லல. எங்க நைனா அதுக்கப்புறம் தெருவுல தலை காட்டறதில்ல. அதனாலதான் இந்த வாட்டி நானே கண்ணால பாத்துடறேன்னு வந்தேன். காலைல போயி பாத்துட்டு வந்து ஷிஃப்டுக்கு ஓடுவேன். ரெண்டே நாள் பாத்தா போதும்னுதான் இருந்தேன். இவ நல்லா பேசுனா. நல்ல பொண்ணா தெரிஞ்சா. அதான் இன்னும் ரெண்டு நாள், இன்னும் ரெண்டு நாள்னு வந்துட்டேன்."

சொல்லிவிட்டு அம்மாவை நேராகப் பார்த்தார். "ஏம்மா, உங்க பொண்ணு இப்ப சொல்றது நெஜமா?"

வெளியே ஒரு லாரி பின்னுக்கு வந்துகொண்டிருந்தது, அதன் பீப் பீப் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தார். லாரி நின்ற பிறகுதான், "நெஜந்தான்" என்றார். அந்த இடைவெளி எவ்வளவு நீளம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அந்த அக்கா தலையை ஆட்டினார். "அப்ப என்கிட்ட சொன்னதெல்லாம் பொய்யி. தாலி உள்ள போட்டுகினு கீறேன்னு சொன்னா. மெட்டிக்கும் ஒண்ணு சொன்னா. கேட்ட ஒடனே, கொஞ்சங்கூட யோசிக்காம. தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இவ்ளோ சரளமா வருதேன்னு பயமா கீது."

நான் கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் என் வாயை நினைத்து எனக்கே அந்தப் பயம் முன்பே வந்திருந்தது. "போட்டோவைக் காட்டுங்க" என்றேன்.

போனை என் கையில் கொடுத்துவிட்டார். நாலு படங்கள். ஒன்றில் தண்ணீர் குடிக்கிறேன். ஒன்றில் சுவரோரம் நின்று பைக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்றில் என் கால் மட்டும், பெருவிரலுக்கு அடுத்த விரல் தெளிவாகத் தெரிகிற மாதிரி. நாலாவதில் யாரையோ பார்த்துச் சிரிக்கிறேன். பின்னால் நீல வெளிச்சத்தில் சென்ட்ரல் என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொன்றாக அழித்தேன். நாலாவதுக்கு வந்தபோது அம்மா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "இது நல்லா வந்திருக்கேடி" என்றார். அதையும் அழித்தேன்.

கிளம்பும்போது அந்த அக்கா, "காப்பி போடவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றோம். மூன்று பேருமாகத்தான் தெருமுனைவரை நடந்தோம், அவருக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. எதிரே ஒருவர் மஞ்சள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வந்தார். எங்களைக் கண்டதும் அந்த அக்காவின் முகத்தைப் பார்த்தார், பிறகு பக்கத்துச் சந்தில் திரும்பிவிட்டார். அவர்தான் அந்தத் தம்பி என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. நல்ல உயரம்.

அந்த வரன் அதோடு முடிந்தது. தரகர் ஒரு வருடம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. எங்கள் தெருவில் இரண்டு மூன்று பேர் என்னிடம் போலீஸ் நிலையத்தில் ஆகவேண்டிய காரியங்களுக்குச் சிபாரிசு கேட்டார்கள். செய்தி அந்த அளவுக்குப் பரவியிருந்தது. இனி யார் என்னைப் பார்ப்பதாக இருந்தாலும் முதலில் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் என்று வீட்டில் ஒரு சத்தியம் வாங்கினேன். அம்மா அதைக் காப்பாற்றுகிறார். அதற்குப் பிறகு வந்த மூன்று பேரையும் நான்தான் முதலில் சந்தித்தேன், நேராக, பெயர் சொல்லி, ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து. மூன்றும் அமையவில்லை. அதில் ஒருவர் என்னைப் பற்றி விசாரித்திருந்தார், நானும் அவரைப் பற்றி விசாரித்திருந்தேன். இருவரும் அதைச் சொல்லிக்கொண்டு சிரித்தோம். சிரித்ததோடு சரி.

அப்பா போன வருடம் ஓய்வு பெற்றார். வீட்டில் இருப்பதால் இப்போது என்னோடு உட்கார்ந்துதான் காலையில் சாப்பிடுகிறார். ஒருநாள், நான் எதுவும் கேட்காமலேயே, தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்த ரெண்டு வாரமும், கோர்ட்டுக்குப் பக்கத்துல ரெஜிஸ்டர் ஆபீஸ் கீது இல்ல, அங்க தெனம் போனேம்மா. கல்யாண நோட்டீஸ் ஒட்டுவாங்க, போர்டுல. பழசும் கிழிக்காம கெடக்கும். ஒண்ணொண்ணா படிப்பேன்."

"என் பேரு இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"இல்லன்னதும் நிம்மதியா போச்சா?"

அப்பா கடைசித் துண்டைச் சட்னியில் தோய்த்தார்.

"செங்கல்பட்டுல போயிப் பதிஞ்சிருப்பியோன்னு நெனச்சேன்" என்றார். பிறகு, சட்னி இன்னும் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டார்.